மணி அடிப்பது யார்? ஏறிப் பாருங்கள்!

தம்பி, தங்கைகளே... உங்களிடம் ஒரு கேள்வி.

உங்கள் பள்ளியில் கடைசி மணி எத்தனை மணிக்கு அடிக்கும்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். சரி, அந்த மணியை அடிப்பவர் யார்? அவர் பெயர் என்ன? அவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கிறார்? இப்போது பாதிப் பேர் தலையைச் சொறிவீர்கள்!

வெட்கப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் படித்த பள்ளியில் வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் ஊருக்கே கேட்கும். அந்த ஓசைக்காகத் தினமும் காத்திருந்தேன். ஆனால் ஐந்து வருடமாக அதை அடித்தவரின் பெயரை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மணி ஓசை காதில் விழுகிறது. அடிக்கும் கை கண்ணில் படுவதில்லை. பள்ளி மணிக்கு மட்டுமல்ல, கோயில் மணிக்கும் தேவாலய மணிக்கும் இதே கதைதான்.

என் கட்சி இதுதான். மணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பெரியவர்கள் உங்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோபுரம் இருக்கும், மணியும் இருக்கும், அதை அடிக்கத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

பனிக்குள் ஒரு படிக்கட்டு

சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகளோடு நீலகிரிக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தேவாலயம். மாலை நேரம். மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள்கூடத் தெரியவில்லை. அப்போது ‘டாண்... டாண்...’ என்று மணி அடித்தது. கண்ணுக்குத் தெரியாத தேவாலயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காது சொல்லிவிட்டது!

“மாமா, மணியைப் பார்க்கணும்” என்றாள் அவள்.

ஓசை வந்த பக்கமாக நடந்தோம். கோபுரத்தின் கீழே கையில் கயிற்றோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆலயத்தின் கோயில்பிள்ளை அவர். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பாதிரியாரிடம் கேட்டுவிட்டு எங்களை மேலே கூட்டிப்போனார்.

குறுகலான மரப்படி. கைப்பிடியாக ஒரு கயிறு. முதல் தளத்தில் ஒன்றுமே இல்லை. தரையில் ஒரு துளை, கூரையில் ஒரு துளை, இரண்டின் வழியாகவும் போகும் அந்த மணிக்கயிறு. அவ்வளவுதான்! இரண்டாம் தளத்துக்குப் போனால் புறா எச்சமும் பழைய மர வாசனையும். தடித்த உத்தரங்களுக்கு நடுவே, கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி மணி தொங்கியது. அதன் தலையில் ஒரு பெரிய மரச்சக்கரம். கயிறு அந்தச் சக்கரத்தில் சுற்றியிருந்தது.

சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சாய்வான பலகைகள் அடுக்கியிருந்தன. “எதற்கு தாத்தா இது?” என்று கேட்டாள் என் மருமகள். “மழை உள்ளே வரக்கூடாது, சத்தம் வெளியே போகணும். அதுக்குத்தான் கண்ணு” என்றார் அவர். பலகைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மழை வழிந்து வெளியே போய்விடும். ஓசையோ கீழே இருக்கும் ஊரை நோக்கி இறங்கும். ஒரே பலகைக்கு இரண்டு வேலை!

அதே ஜன்னலில் இன்னொன்றையும் பார்த்தோம். வெளிப்பக்கம் பார்த்தபடி ஓர் ஒலிபெருக்கி. “இப்போ ஞாயித்துக்கிழமையும் திருநாளும்தான் நான் தவறாம அடிக்கிறேன். மத்த நாள்ல முடிஞ்சா அடிப்பேன். முடியலைன்னா அது அடிச்சுக்கும். பொத்தானை அமுக்கினா போதும். எனக்கும் முட்டி வலி” என்றார்.

நிஜ மணி ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே, வேறு எங்கேயோ அடித்த மணியின் பதிவு ஒன்று. எனக்கு என்னவோ போல் இருந்தது.

இழுப்பதா? விடுவதா?

கீழே வந்ததும் பெரியவர் கயிற்றை என் மருமகள் கையில் கொடுத்தார். அவரும் கூடவே பிடித்துக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மேலே ஏதோ ‘கிறீச்’ என்றது. மணி அடிக்கவே இல்லை! மறுபடியும் இழுத்தாள். ஊஹூம்.

“இழுக்கிறது பெரிய வேலையில்ல கண்ணு. விடுறதுதான் வேலை” என்று சிரித்தார் பெரியவர்.

அதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியும். ஊஞ்சல் ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் நின்றுவிடும். போகத் தொடங்கும்போது மெல்லத் தள்ளினாலே போதும், ஒவ்வொரு தடவையும் இன்னும் உயரமாகப் போகும். ஆடும் மணியும் ஒரு ஊஞ்சல்தான். அது இறங்கும்போது இழுக்க வேண்டும், ஏறும்போது கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் மணி நன்றாக ஆடும். அப்போதுதான் உள்ளே தொங்கும் நாக்கு போய் விளிம்பில் மோதும். அதனால்தான் நோஞ்சானாக இருக்கும் ஒரு தாத்தாவால் தன்னைவிடப் பல மடங்கு கனமான மணியை அடிக்க முடிகிறது. பலம் இல்லை, நேரம் தெரிவதுதான் ரகசியம்!

இதில் இன்னொரு அதிசயம். கீழே நிற்பவருக்கு மேலே இருக்கும் மணி தெரியாது. கயிறு கையில் தரும் உணர்வை வைத்தே மணி இப்போது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்டுபிடிக்கிறார். இதை எந்தப் புத்தகத்தைப் படித்தும் முழுசாகக் கற்றுக்கொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துப் பார்த்தால்தான் வரும்.

மணிக்கு ஒரு மொழியும் உண்டு. ஆலயங்களில் வழிபாட்டுக்கு முன் முதல் மணி, இரண்டாம் மணி என்று அடிப்பார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் காலை, நண்பகல், மாலை என மூவேளை செபத்துக்கு மணி உண்டு. யாராவது இறந்தால் துக்க மணி. ஓர் அடி அடித்துவிட்டு நீண்ட நேரம் நிறுத்தி அடுத்த அடி. திருநாள் என்றால் நிறுத்தாமல் துள்ளிக் குதிக்கும் ஓசை. ஒரே மணிதான், அடிக்கும் விதத்தில் செய்தி மாறுகிறது. கைபேசி இல்லாத காலத்தில் மலைச்சரிவில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் செய்தி ஒளிபரப்பு!

ஊட்டியில் ஓர் அதிசயம்

மணி என்றால் கவிழ்த்த கிண்ணம் மாதிரிதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஊட்டிக்குப் போங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆயரின் இருக்கை இருக்கும் ஆலயத்தைப் பேராலயம் என்பார்கள். 1955-ல் ஊட்டி தனி மறைமாவட்டமானது. அங்கே உள்ள திரு இருதய ஆலயம்தான் அதன் பேராலயம். நான் இப்போது சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல, மைசூர் சாலையில் மேட்டின் மேல் நிற்கும் புனித ஸ்டீபன் ஆலயத்தைப் பற்றி. நீலகிரியின் மிகப் பழைய தேவாலயங்களில் இது ஒன்று.

இதற்கு அடிக்கல் நாட்டிய நாள் 1829 ஏப்ரல் 23. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் இதைக் கட்ட ஏற்பாடு செய்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் கேப்டன் அண்டர்வுட். 1830 நவம்பர் 5-ல் கல்கத்தா பிஷப் ஜான் மத்தியாஸ் டர்னர் வந்து அர்ச்சித்தார். 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு அன்று மக்களுக்குத் திறந்தார்கள்.

இந்த ஆலயத்துக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். மேலே இருக்கும் பெரிய உத்தரமும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து வந்தவை! 1799-ல் திப்பு போரில் இறந்தார். முப்பது வருடத்துக்குப் பின் அவர் அரண்மனை மரங்கள் மலையேறின. இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஊட்டியின் உயரமோ சுமார் 2,240 மீட்டர். அப்போது ரயில் கிடையாது. மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-ல்தான், ஊட்டிக்கு 1908-ல். அப்படியானால் மரத்தை இழுத்து வந்தது யார்? யானைகள்!

மணிக்கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வழக்கமான மணிகளுக்குப் பதிலாக ‘வி’ என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற பலகைகள் இருக்கின்றன. நம் ஊர்க் கவட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவற்றின் முனையில் சுத்தியல்கள். தரையில் நின்று கயிற்றை இழுத்தால் சுத்தியல் அடித்து ஓசை எழும்புகிறது. குன்னூர்ப் பக்கம் நாங்கள் பார்த்ததில் மணியே ஆடுகிறது, இங்கே சுத்தியல் ஆடுகிறது. வழி வேறு, வேலை ஒன்றுதான்.

ஒன்றை யோசியுங்கள். ஊட்டிக்கு வருபவர்கள் இந்த ஆலயத்தின் முன் நின்று புகைப்படம் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து எடுத்த படத்தில் உத்தரமும் தெரியாது, சுத்தியலும் தெரியாது. யாரோ ஒருவர் ‘இது திப்பு அரண்மனை மரம்’ என்று சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியதால்தான் அது திப்பு அரண்மனை மரம். சொல்வதை நிறுத்தியிருந்தால் அது வெறும் மரம்!

மறந்த மணி, பாத்திரமான கதை

நம் தமிழ் மண்ணில் மணிக்குத் தனி மரியாதை உண்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்து மனுநீதிச் சோழனிடம் நியாயம் கேட்ட கதை உங்களுக்கே தெரியும். திருச்செந்தூரில் பூஜை நடக்கும் நேரத்தைப் பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கும் கட்டபொம்மன் அறிந்துகொள்ள, வழி நெடுக மணி மண்டபங்கள் இருந்தன என்று சொல்வார்கள். ஒரு மணி கேட்டு அடுத்த மணி, அது கேட்டு அதற்கடுத்த மணி... தொடர் ஓட்டம் மாதிரி!

நீலகிரியில் தேவாலயம் வருவதற்கு வெகு காலம் முன்பே மணி இருந்தது. தோடர் இன மக்கள் எருமைகளையும் பால் மாடங்களையும் புனிதமாகப் போற்றுபவர்கள். அந்தப் பால் மாடங்களில் வைத்திருக்கும் மணிகளும் அவர்களுக்குப் புனிதமானவை. ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் அவர்களோடு பழகி 1906-ல் வெளியிட்ட நூலில் இந்த மணிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது கடல் கடந்து போன ஒரு தமிழ் மணி. சுமார் 1836-ல் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அவர்கள் அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரம் இல்லை, உடைந்த மணி! விளிம்பைச் சுற்றி ஏதோ எழுத்துகள். அவை தமிழ் எழுத்துகள் என்பது பிறகு தெரிந்தது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்ற பொருளில் பொறித்திருந்தார்கள். எப்படி அங்கே போனது? கப்பல் கரை ஒதுங்கியதா, வேறு யாராவது கொண்டுபோனார்களா? இன்றுவரை புதிர்தான். இப்போது அந்த மணி நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நீலகிரியிலும் ஒரு வெலிங்டன் இருக்கிறது, கவனித்தீர்களா?

மாவோரி மக்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. கையில் கிடைத்ததை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் மணியோடு அதை அடிக்கும் மாலுமி வரவில்லை. ஆள் இல்லாத மணி பாத்திரமாகிவிட்டது. நம் ஊர் மணிக்கூண்டிலும் அடிக்கும் ஆள் போய்விட்டால் மணி என்ன ஆகும்? புறா உட்காரும் இடமாகும்!

பொத்தான் கட்சியும் பேசட்டும்

இப்போது உங்களில் ஒரு சுட்டி எழுந்து கேட்கும்: “பொத்தானை அமுக்கினா என்ன தப்பு? அதுவும் மணி ஓசைதானே?”

நல்ல கேள்வி. பல கோயில்களில் இன்று பூஜை நேரத்தில் மோட்டார் ஓடி, முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியையும் நான் திட்ட மாட்டேன். சின்னக் கோயில். அர்ச்சகர் ஒருவர்தான். ஒரு கையில் தீபாராதனை, மறு கையில் கைமணி. முரசு அடிக்க ஆள் கிடையாது, ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமும் கிடையாது. கருவி இல்லாவிட்டால் அந்தக் கோயில் மௌனமாகவே இருந்திருக்கும். குன்னூர்ப் பெரியவரின் முட்டி வலியும் நிஜம்தான். வயதானவரைத் தினமும் கயிறு இழுக்கச் சொல்லி நாம் ஓசையை ரசிப்பது நியாயமா?

இன்னொரு நியாயமும் உண்டு. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நோயாளி இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன் இருக்கலாம். எந்த மணியாக இருந்தாலும் நேரமும் அளவும் வேண்டும்.

ஆனாலும் நான் என் கட்சியை விட மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

பதிவு செய்த மணி எப்போதும் ஒரே மாதிரிதான் அடிக்கும். துக்கத்துக்குத் தயங்காது, திருநாளுக்குத் துள்ளாது. வாசலில் ஒரு கூட்டம் மெல்ல நடந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. கயிறு பிடித்தவருக்குத் தெரியும். அவர் ஊர்க்காரர். யாருக்காக அடிக்கிறோம் என்று தெரிந்து அடிக்கிறார்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. கருவி கெட்டுப்போனால் புதிதாக வாங்கலாம். தெரிந்த கை போய்விட்டால் எந்தக் கடையில் வாங்குவது?

லண்டனில் வைட்சேப்பல் என்ற மணி வார்ப்படச் சாலை 1570-ல் தொடங்கியது. இன்றைய ‘பிக் பென்’ மணியை 1858-ல் வார்த்தவர்கள் அவர்கள்தான். சுமார் பதிமூன்றே முக்கால் டன்! பிக் பென் வேலை செய்யத் தொடங்கிய 1859-லேயே விரிசல் விட்டது. மணி செய்யும் வெண்கலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் இவ்வளவு இருந்தால்தான் ‘கணீர்’ என்று ஒலிக்கும். ஆனால் அதனாலேயே உலோகம் எளிதில் விரிசல் விடும். மணியைச் சற்றே திருப்பி வைத்து, இலேசான சுத்தியலை மாட்டினார்கள். அந்த விரிசலோடுதான் பிக் பென் இன்றும் ஒலிக்கிறது. நானூறு வருடத்துக்கு மேல் ஓடிய அந்த வார்ப்படச் சாலை 2017-ல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கியும் குண்டும் செய்ய ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளைக் கழற்றி உருக்கினார்கள். போர் இல்லாமலே, கவனிப்பு இல்லாமலே மணிகள் மௌனமாவதும் உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் கையால் மணி அடிக்கும் கலையை 2022-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மணியை அல்ல, அடிக்கும் கலையை! நம் நீலகிரி மலை ரயிலை 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தார்களே, அதே யுனெஸ்கோதான். பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15-ல் தீப்பிடித்தது. கூரை எரிந்து விழுந்தது. மணிக்கோபுரங்கள் தப்பின. ஐந்து வருடம் பழுது பார்த்து, 2024 நவம்பர் 8-ல் மணிகளை மறுபடி ஒலிக்க விட்டார்கள். மௌனமாக இருந்தபோதுதான் மணியின் அருமை புரிந்திருக்கிறது!

அப்படியானால் என்ன செய்யலாம்?

பொத்தானைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தினமும் பொத்தான் அடிக்கட்டும். திருநாளிலும் முக்கியமான நாட்களிலும் கை அடிக்கட்டும். அதற்கு நான் மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, வருடத்தில் ஒரு நாளாவது மணிக்கூண்டுகளைக் குழந்தைகளுக்குத் திறந்து காட்டட்டும். பத்துப் பத்துப் பேராக, பெரியவர்கள் துணையோடு. எந்த மதம், எந்தத் தெரு என்று பார்க்க வேண்டாம். மணி ஓசை யார் வீட்டுக்குள் வருவதற்கும் அனுமதி கேட்பதில்லையே!

இரண்டு, ஒவ்வொரு மணிக்கூண்டிலும் இரண்டு இளையவர்கள் அடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருப்பார். பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பலம் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும் என்று முன்பே பார்த்தோமே!

மூன்று, பள்ளி மணி. வாரம் ஒரு மாணவனோ மாணவியோ, மணி அடிக்கும் அண்ணன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். ஒரு நிமிடம் பிந்தினால் பள்ளி முழுவதும் பிந்தும் என்பது அப்போதுதான் புரியும். பொறுப்பு என்றால் என்ன என்று பாடம் நடத்தவே வேண்டாம்!

நீங்கள் மட்டும் தனியாகச் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. இந்த வாரம் உங்கள் ஊரில் மணி அடிப்பவர் ஒருவரைத் தேடிப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பெயர் என்ன? யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், அந்த இடத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை! அனுமதி இல்லாமல், பெரியவர் துணை இல்லாமல் எந்த மணிக்கூண்டிலும் ஏறக்கூடாது. கயிற்றைத் தொடக்கூடாது. ஆடும் மணியின் கயிறு ஆளையே மேலே தூக்கிவிடும். மணி அடிக்கும்போது அதன் பக்கத்தில் நின்றால் காதுக்குக் கெடுதல். நாங்களும் அடிக்காத நேரத்தில்தான் மேலே ஏறினோம், கீழே வந்த பிறகுதான் கயிற்றைத் தொட்டோம்.

என் மருமகள் கதையை முடிக்கவில்லையே! அன்று ஏழாவது தடவை அவள் சரியாக விட்டாள். மேலே ‘டாண்!’ என்று ஒரே ஓர் அடி. பனி மூடிய தேயிலைச் சரிவில் அது உருண்டு போவதை மூவரும் பேசாமல் கேட்டோம். “இப்போ பிடிச்சுக்கிட்டே கண்ணு” என்றார் பெரியவர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது எங்கே மணி ஓசை கேட்டாலும் அவள் ஒரு நொடி நின்று, “மாமா, விட்டுட்டார்!” என்பாள். மற்றவர்கள் மணியைக் கேட்கிறார்கள். அவளுக்கு அந்தக் கையும் தெரிகிறது.

உங்களுக்கும் தெரிய வேண்டாமா? நாளை பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், அந்த மணி அடிப்பவரிடம் போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். ஐந்து வருடம் நான் கேட்காமல் விட்டதை நீங்கள் ஒரே நாளில் கேட்டுவிடலாம். என்ன, கேட்பீர்கள்தானே?